இருபத்தேழு கொக்கிகள்

காற்றே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை
மேயிரியன் பியூ வீட்டுக் கூரையிலிருந்து
ஒரு சிலேட்டுக் கல் தானாக நழுவி,
பக்கத்து வீட்டு இத்வாலின் லீக்ஸ் பாத்தியில்
கத்தி போல் செங்குத்தாக நின்றது.

புயலில் விழுந்திருந்தால்
பழிபோட ஓர் ஆள் இருந்திருக்கும்.
வடக்கு வேல்ஸில், கடலிலிருந்து இரண்டு மைலில்,
நாங்கள் எதற்கும் காற்றைத்தான் திட்டுவோம்.

"ஹெயில்வென், ஒன்று நழுவிவிட்டது, கொஞ்சம் வா."
ஒன்பது வருடமாக இதே குரல், இதே சொல்.
நான் போவேன்.
விரல் அகலத்துக்கு ஈயப்பட்டை வெட்டி அடித்து,
கல்லைப் பழைய இடத்துக்கே தள்ளி,
பட்டையின் நுனியைக் கொக்கியாக மடித்துவிட்டு
இறங்குவேன்.
நாற்பது பவுண்டு, தேநீர்,
உலர்திராட்சை ரொட்டி ஒரு துண்டு.

அன்று ஏணியில் நின்று
முதல்முறையாக எண்ணினேன்.
இருபத்தாறு வெள்ளிப் பற்கள்.
எல்லாம் நான் கட்டியவை.

கல்லைத் தட்டிப் பார்த்தேன்.
நல்ல கல் பீங்கான் தட்டுப் போல் கிணீரென்னும்,
செத்த கல் ஈரக் கட்டை போல் தொப்பென்னும்.
இங்கே எதைத் தட்டினாலும் கிணீர்.
நூற்றுப் பத்து வயதில்
ஒரு கல்லுக்கும் நரை இல்லை.
தெருவில் நின்று பார்ப்பவர்
இன்னொரு நூறு தாங்கும் என்பார்.

சாகிறது கல் அல்ல, ஆணி.
கல்லின் அடியில், இருட்டில்,
இரும்பு தன் கழுத்தைத் தானே
தின்றுகொண்டிருக்கும்.
ஆணிச்சீக்கு என்போம் எங்கள் தொழிலில்.
ஒரு கல்லுக்கு வந்தால் விபத்து.
ஒரே குளிர்காலத்தில் ஐந்துக்கு வந்தால்
மீதி நாலாயிரமும்
வெறும் பழக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன
என்று பொருள்.

பரணில் ஏறி டார்ச்சை அணைத்தேன்.
பட்டப்பகலில் நட்சத்திரங்கள்.
கிறிஸ்துமஸ் பெட்டியின் மேல்
உதிர்ந்த சுண்ணாம்பு, சலித்த மாவு மாதிரி.
கைமரத்தில் நீர் நடந்த தடம்:
மேற்கே நுழைந்து
கிழக்கே சொட்டியிருக்கிறது.
அவர் வாளி வைத்த இடத்துக்கு நேர் மேலே
ஓட்டையே இல்லை.

இதையெல்லாம் ஐந்து வருடம் முன்பே பார்த்தேன்.
அதைத்தான் சொல்ல வந்தேன்.
இதே பரண், இதே மாவு, சற்றுக் குறைவாக.
அப்போது என் வேனுக்குத் தவணை பாக்கி.
மொத்தக் கூரை என்றால்
சாரம் கட்டும் பெரிய கம்பெனிக்குப் போய்விடும்.
கொக்கி என்றால் எனக்கு வரும்.
ரொட்டியை மென்றுகொண்டே சொன்னேன்,
"இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்."

கூரை தன் நாள் முடிந்ததை
மறைப்பதே இல்லை.
ஏணி வைத்திருப்பவர்தான் மறைக்கிறார்.

இருபத்தேழாவதையும் மாட்டிவிட்டு
இறங்கிச் சொன்னேன்:
"மாற்ற வேண்டும். முழுவதும்."
கூடவே அந்த ஐந்து வருடத்தையும்.

அவர் எழுந்துபோய்
பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார்.
உள்ளே என் பில்கள், தேதி வாரியாக.
மேலே பென்சிலில் ஒரு கூட்டல்.
இன்றையதையும் சேர்த்து
ஆயிரத்து எண்பது.
"எனக்கும் தெரியும்," என்றார்.
"மொத்தமாகக் கொடுக்க அப்போது இல்லை.
நீ கேட்காதவரை
நானும் கேட்க வேண்டாமே என்று இருந்தேன்."
பிறகு, "மே மாதம் உனக்கு ஒழியுமா?"

மே மாதம் சாரத்தை வாடகைக்கு எடுத்து
நானும் என் மைத்துனன் க்ளெடுவினும் பிரித்தோம்.
இழுக்கவே தேவைப்படவில்லை,
தொட்டதும் கையோடு வந்தன.
உடைந்தது எழுபது கல், மற்றதெல்லாம்
அதே கல், அதே இடம்,
செம்பு ஆணி.
ஒரு ராத்திரி மட்டும்
தார்ப்பாய்க்குக் கீழே தூங்கினார் மேயிரியன்.
மழை பெய்தது.
ஒரு சொட்டு இறங்கவில்லை என்று
காலையில் கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னார்.

பிடுங்கிய கொக்கிகளை
அவருடைய வாளியிலேயே போட்டு
பழைய ஈயக் கடையில் நிறுத்தேன்.
பதினொரு பவுண்டு.
பில்லில் கழித்துக்கொண்டேன்.
வாளியைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.
அவரும் கேட்கவில்லை.